ஊருக்கு ஒரு பொது மலர்ச்சாலை: கட்டடம் முதலா, சங்கம் முதலா?

கண்டாவளைவாசி எழுதியது:

வணக்கம். கிளிநொச்சி மாவட்டம், கண்டாவளைப் பிரிவிலுள்ள எங்கள் கிராமத்தில் ஏறத்தாழ நூற்றைம்பது குடும்பங்கள் வாழ்கின்றன. கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்கும் எங்கள் ஊரவர்கள் சேர்ந்து, ஊருக்கென ஒரு பொது மலர்ச்சாலையை, அதாவது இறுதிச் சடங்குக்கான நிலையத்தை, கட்டித் தருவதற்கு முன்வந்திருக்கிறார்கள். பூதவுடலை ஓரிரு நாட்கள் வைத்திருப்பதற்கான குளிரூட்டப்பட்ட அறை, ஒரு சிறிய மண்டபம், ஓர் அமரர் ஊர்தி ஆகியன அவர்களுடைய திட்டத்தில் உள்ளன. சனசமூக நிலையத்துக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடக்கும் பொதுக் காணியை அதற்குத் தரலாம் என்று கிராம அபிவிருத்திச் சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள்.

தேவை இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. தனியார் மலர்ச்சாலைகள் நகரத்தில்தான் இருக்கின்றன. பெட்டி, ஊர்தி, பதனிடுதல், பந்தல் எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சொல்லும்போது, செத்த வீட்டில் நிற்பவர்களுக்குப் பேரம் பேசவும் மனம் வராது. அந்தத் தொகைக்காக நுண்கடன் எடுத்துவிட்டு, முப்பத்தோராம் நாள் முடிந்து மாதக்கணக்காகியும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். எங்கள் பகுதியில் பெரும்பாலானவை இந்திய வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்த 550 சதுர அடி வீடுகள். அந்த வீட்டுக் கூடத்தில் பெட்டியை வைத்தால், அழுவதற்கு வந்தவர்கள் வாசலில்தான் நிற்க வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் முதியவர்களும் ஊரில் பலர் உள்ளனர்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. தன் வீட்டு முற்றத்திலிருந்து கடைசியாகப் புறப்படுவதுதான் ஒரு மனிதனுக்கு உரிய மரியாதை என்றும், ஊரில் மண்டபம் ஒன்று வந்துவிட்டால் பிள்ளைகள் சிரமத்தைத் தவிர்ப்பதற்காக அங்கேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள் என்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள். காணிக்கு அடுத்ததாக முன்பள்ளி இருப்பதை வேறு சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள். வன்னியில், சந்தா சேர்த்துச் செத்த வீட்டுக்கு உதவும் மரண உதவிச் சங்கம் நடத்திய அனுபவமுள்ளவர்கள், எதிலிருந்து தொடங்க வேண்டும் என்றும், சந்தாவையும் விதிகளையும் எப்படி அமைக்க வேண்டும் என்றும், யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெடுங்கேணிப் பொருளாளர் எழுதியது:

தம்பி, எங்கள் ஊர் மரண உதவிச் சங்கத்தின் கணக்கைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கட்டடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், மரணம் நடந்த அன்று இரவே அந்த வீட்டுக்குக் காசு போய்ச் சேருவதற்கு உங்களிடம் வழி இருக்கிறதா என்று பாருங்கள். சனிக்கிழமை இரவு ஒருவர் இறந்தால் திங்கட்கிழமை வரை வங்கி திறக்காது. ஆகவே, ஒரு மரணத்துக்குரிய தொகை எப்போதும் கைக்காசாக ஒருவரிடம் இருக்க வேண்டும். அவர் யார் என்பதும், எவ்வளவு வைத்திருக்கிறார் என்பதும் ஊர் முழுவதற்கும் தெரிந்திருக்க வேண்டும். மிகுதி கூட்டுக் கையெழுத்தோடு கணக்கில் கிடக்கட்டும்.

இனிச் சந்தா. நூற்றைம்பது குடும்பங்கள் மாதம் 200 ரூபா வீதம் கட்டினால் ஆண்டுக்கு 360,000 ரூபா சேரும். நம் நாட்டில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஏழு பேர் அளவில் இறக்கிறார்கள் என்று கொண்டால், ஐந்நூறு பேர் வாழும் ஊரில் மூன்று அல்லது நான்கு மரணங்களை எதிர்பார்க்கலாம். ஆனால், கணவன், மனைவி இருவருடைய பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளாத சங்கத்தில் எவரும் சேரமாட்டார்கள். அந்தப் பெற்றோர் முதியவர்கள். பலர் வேறு ஊர்களில் இருப்பவர்கள். எனவே எட்டு மரணங்கள் என்று வைத்தே கணக்குப் பாருங்கள். மரணத்துக்கு 45,000 ரூபா கொடுத்தால் ஆண்டு முடிவில் ஒன்றும் மிஞ்சாது. 30,000 ரூபா என்று விதியில் எழுதினால் 120,000 ரூபா மிஞ்சும், ஒரு கெட்ட ஆண்டை அது தாங்கும். தொடக்கக் கூட்டத்தின் உற்சாகத்தில் பெரிய தொகையை அறிவித்துவிட்டு, இரண்டாவது ஆண்டிலேயே அதைக் குறைக்க நேர்ந்த சங்கங்கள் பிறகு எழும்பவேயில்லை.

மாதச் சந்தா எல்லோருக்கும் ஒத்துவராது. வயல் செய்பவர்களிடம் காலபோக (மாரிக்கால நெல்) அறுவடை முடிந்த கையோடு ஆண்டுச் சந்தாவை மொத்தமாக வாங்கிவிட வேண்டும். கூலி வேலைக்கும் கடலுக்கும் போகிறவர்களிடம் வாரந்தோறும் சிறிது சிறிதாக வாங்கினால்தான் சேரும். ஒரே விதியை எல்லோருக்கும் போட்டால், நிலுவைக்காரர்களின் பட்டியல்தான் நீளும்.

நிலுவையைப் பற்றி ஒரு விடயத்தை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். சந்தா கட்டாதவருக்குப் பணம் கொடுக்காமல் விடலாம். ஆனால் பந்தலையும் கதிரைகளையும் ஊர்தியையும் ஆட்களையும் கொடுக்காமல் விடக் கூடாது. பணம் அங்கத்தவர்களுடையது, சேவை ஊருடையது. இந்த இரண்டையும் கலந்துவிட்டால், பிரேதத்தை வைத்துக்கொண்டு வாசலில் நின்று நிலுவை பேசும் அசிங்கம் என்றாவது ஒருநாள் நடந்தே தீரும்.

இவற்றுக்குப் பிறகு பொருட்களை வாங்குங்கள். தகரப் பந்தல், நூறு கதிரைகள், மின்விளக்குகள், தேநீருக்கான பெரிய பாத்திரங்கள், எடுத்துச் செல்லக்கூடிய குளிரூட்டிப் பெட்டி, அதற்கு ஒரு மின்பிறப்பாக்கி. கதிரைகளைக் கலியாண வீட்டுக்கும் வாடகைக்கு விடலாமா என்று எங்கள் கூட்டத்தில் ஒரு மாலை முழுவதும் விவாதம் நடந்தது. இன்று அதே கதிரைகளில் இருந்துதான் எல்லோரும் கலியாணச் சோறு சாப்பிடுகிறார்கள், பராமரிப்புச் செலவும் அந்த வாடகையிலிருந்தே போகிறது. குளிரூட்டிப் பெட்டி வீட்டுக்கே போனால், வீட்டு முற்றத்திலிருந்து புறப்பட வேண்டும் என்ற பெரியவர்களின் விருப்பமும் நிறைவேறும். என் எண்ணத்தில் உங்களுக்கு மண்டபமே தேவையில்லை.

தருமபுரத்து மகள் எழுதியது:

பொருளாளர் ஐயாவின் கணக்கு சரியானது. ஆனால் மண்டபம் தேவையில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் பெற்றோர் 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் மலையகத்திலிருந்து இங்கே வந்தவர்கள். வீட்டு முற்றம் என்று நீங்கள் சொல்லும்போது, உங்கள் மனத்தில் வேலியடைத்த ஒரு பரப்புக் காணியாவது இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவருக்கும், காணி உரிமம் இல்லாமல் குளக்கட்டின் ஓரத்தில் குடிசை போட்டிருப்பவருக்கும் எந்த முற்றம் இருக்கிறது? வாடகை வீட்டுக்காரர் பிரேதத்தை உள்ளே கொண்டுவர விடமாட்டேன் என்று சொல்லி, வைத்தியசாலையிலிருந்து நேரே சுடலைக்குக் கொண்டுபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

மண்டபம் வேண்டும் என்பவர்களும் அது யாருடைய முறைக்கு ஏற்றபடி கட்டப்படுகிறது என்று கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சைவ முறையில் சுண்ணம் என்ற வாசனைப் பொடியை இடிப்பதற்கு உரலும் உலக்கையும் வைக்கத் திறந்த இடம் வேண்டும். திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடுபவர்கள் அருகில் அமர வேண்டும். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்துப் பெட்டியைச் சுற்றிவர இடைவெளி வேண்டும். தலையைத் தெற்கே வைப்பதற்கு ஏற்ப மண்டபத்தின் நீளமும் அமைய வேண்டும். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பலர் இன்றும் எரிப்பதில்லை, புதைக்கிறார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை, பதினாறாம் நாள் கருமாதிதான். கத்தோலிக்கர் பூதவுடலைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோய், திருப்பலி முடிந்த பின்னர் சேமக்காலைக்கு (கல்லறைத் தோட்டத்துக்கு) போவார்கள். அவர்களுக்கு இரவுச் செபத்துக்கு மட்டும் இடம் போதும். முஸ்லிம் குடும்பங்கள் ஜனாஸாவைத் தாமதியாமல் அடக்கிவிடுவதால், அவர்களுக்கு ஊர்தியைத் தவிர உங்களிடம் கேட்க ஒன்றும் இராது. ஆகவே, நான்கு பக்கமும் சுவர் எழுப்பி, ஓடு பதித்து, குளிரூட்டி பூட்டிய மண்டபத்தைவிட, அரைச்சுவரோடு கூடிய திறந்த மண்டபமே எல்லோருக்கும் பயன்படும். குளிப்பாட்டுவதற்குக் கதவுள்ள ஓர் அறையும், தண்ணீரும், அந்தத் தண்ணீர் ஒழுங்காக வடிந்து போவதற்கு வழியும் கட்டாயம் வேண்டும். வரைபடம் கீறுபவர்கள் முன்வாசல் வளைவைக் கீறுவார்கள், கழிவு நீரை மறந்துவிடுவார்கள்.

சொல்லாமல் விட்டால் பின்னால் சண்டையாகக்கூடிய விடயம் ஒன்று இருக்கிறது. பறை வேண்டுமா, வேண்டாமா என்பதைக் குடும்பமே தீர்மானிக்கட்டும். ஆனால் பறை அடிப்பதும், வெள்ளைத் துணி கட்டுவதும், சிதை அடுக்குவதும் இன்ன குடும்பத்தின் கடமை என்று பிறப்பை வைத்து எவரையும் கூப்பிடும் வழக்கத்துக்குச் சங்கம் துணைபோகக் கூடாது. செய்ய விரும்புகிறவர் செய்யட்டும், முன்கூட்டியே பேசிய கூலியைச் சங்கம் கொடுக்கட்டும். மண்டபமும் ஊர்தியும் மயானமும் சாதி பாராமல் எல்லோருக்கும் உரியவை என்பதைப் பேச்சில் விடாமல் சங்கத்தின் யாப்பில் (அமைப்பு விதிகளில்) எழுதுங்கள். யாழ்ப்பாணத்துப் புத்தூரில் குடியிருப்புக்கு நடுவே இருந்த மயானத்துக்கு எதிராகக் கலைமதி கிராமத்து மக்கள் எவ்வளவு காலம் போராட வேண்டியிருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பல ஊர்களிலிருந்தும் வந்து கலந்து குடியேறிய வன்னியில் அந்தப் பழைய சாதிக் கோடுகளைப் புதிதாகக் கீற வேண்டிய அவசியமில்லை.

அங்கத்துவப் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பெயருக்கு எதிரே ‘உயிருடன் உள்ளார்’, ‘இறந்துவிட்டார்’ என்று இரண்டு கட்டங்களை மட்டும் வைக்காதீர்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017ஆம் ஆண்டு பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் போராடிவரும் தாய்மார் நம்முடைய ஊர்களில்தான் வாழ்கிறார்கள். மரணச் சான்றிதழை வாங்க மறுத்து நிற்கும் தாயிடம், முப்பதாயிரம் ரூபாவுக்காக மகன் இறந்துவிட்டான் என்று எழுதச் சொல்லக் கூடாது. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி காணப்படாமைச் சான்றிதழ் பெற முடியும். அதையும் பெற விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்று மூன்றாவது கட்டம் ஒன்று இருந்தால் போதும். அப்படிப்பட்ட தாய் ஒருவர் இறக்கும்போது கொள்ளி வைப்பது யார் என்ற கேள்வியும் வரும். எங்கள் ஊரில் மகள் வைத்திருக்கிறாள், பேத்தி வைத்திருக்கிறாள், குருக்கள் மறுக்கவில்லை. விரும்புகிறவரின் பெயரை உயிருடன் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ள ஒரு வரியைப் படிவத்தில் விடுங்கள்.

ஓய்வுபெற்ற உள்ளூராட்சி உத்தியோகத்தர் எழுதியது:

அனுமதிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முதலாவது, காணி. பொதுக் காணி என்று ஊரில் சொல்லப்படுவது அரச காணியாக இருக்கலாம், பிரதேச சபைக்குக் கையளிக்கப்பட்டதாக இருக்கலாம், வேறொரு தேவைக்கு ஒதுக்கப்பட்டதாகவும் இருக்கலாம். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் எழுத்து மூலம் உறுதிப்படுத்தாமல் அத்திவாரம் வெட்ட வேண்டாம். வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த கட்டடங்கள் காணிப் பிணக்கினால் பூட்டிக் கிடப்பது இங்கே புதிதல்ல. இரண்டாவது, கட்டட வரைபடத்துக்குப் பிரதேச சபையின் அனுமதி வேண்டும். கழிவு நீர், கிணறுகளிலிருந்து உள்ள தூரம் ஆகியவற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடன் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முன்பள்ளிக்கு அருகில் உள்ள காணியை நான் தெரிவு செய்யமாட்டேன்; மயானத்துக்குப் போகும் பாதையோரத்தில் இடம் கிடைத்தால் அதுவே உகந்தது. மூன்றாவது, மலர்ச்சாலை வேறு, மயானம் வேறு. மயானங்கள் 1899ஆம் ஆண்டு 9ஆம் இலக்க மயானங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. உங்கள் சங்கம் மண்டபம் வைத்திருப்பதால் மயானத்தில் எந்த உரிமையும் அதற்குக் கிடைத்துவிடாது.

நடைமுறையில் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். வீட்டில் நோயினால் நடந்த சாதாரண மரணம் என்றால், கிராம அலுவலருக்கு அறிவித்து, அவருடைய அறிக்கையுடன் பதிவாளரிடம் போகலாம். வைத்தியசாலையில் நடந்த மரணத்துக்கு வைத்தியசாலையே பத்திரம் தரும். ஆனால் பாம்புக் கடி, யானை தாக்கியமை, குளத்தில் மூழ்கியமை, ஏ-9 வீதி விபத்து, தற்கொலை, காணி துப்புரவாக்கும்போது வெடிபொருள் வெடித்தமை போன்ற எந்த மரணமாக இருந்தாலும், பொலிஸாருக்கும் திடீர் மரண விசாரணை அதிகாரிக்கும் அறிவித்து, அவர்கள் உடலை விடுவிக்கும் வரை, உங்கள் ஊர்தி அதை எடுக்கக் கூடாது; குளிப்பாட்டவும் கூடாது, மருந்து ஏற்றிப் பதனிடவும் கூடாது. பதனிட்ட உடலில் பிரேத பரிசோதனை செய்யும்போது நஞ்சு போன்ற தடயங்களைக் கண்டறிவது கடினமாகிவிடும். உதவி செய்யப் போன ஊர் இளைஞர்கள் நீதிமன்றத்துக்கு அலைய நேரிடுவது பெரும்பாலும் இந்த விடயத்தில்தான். இந்த விதியை மண்டபச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். பதனிடும் வேலையை ஊரில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். அதற்குப் பயிற்சியும் இரசாயனக் கழிவை அகற்றும் ஏற்பாடும் வேண்டும், குளிரூட்டிப் பெட்டி இருந்தால் அதற்கான தேவையும் குறையும்.

புலம்பெயர்ந்த ஊரவர் எழுதியது:

நான் இரணைப்பாலையைச் சேர்ந்தவன். இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். பணம் அனுப்புபவர்களின் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்களில் பலருக்குக் கட்டடம் பிடிக்கும். படம் எடுத்துப் போடலாம், பெற்றோர் நினைவாகப் பெயர்ப்பலகை வைக்கலாம். மின்சாரக் கட்டணத்துக்கும் ஊர்திச் சாரதியின் சம்பளத்துக்கும் பெயர்ப்பலகை வைக்க முடியாது. ஆகவே உங்கள் சங்கம் கண்டிப்பாக ஒரு நிபந்தனை விதிக்கலாம்: கட்டடத்துக்குத் தரும் தொகையில் ஒரு பங்கை நிலையான வைப்பில் இட்டு, அதன் வட்டியிலிருந்து மாதச் செலவு நடக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, வண்டிகள் இருந்தும் ஓட முடியாமல் நின்றன. அந்த நாட்களில் உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுபோன பிரேதங்களைப் படங்களில் பார்த்தோம். ஊர்திக்கென்று சிறிதளவு டீசலை ஒதுக்கி வைப்பதும் சங்கத்தின் வேலைதான்.

பிள்ளைகள் வரும்வரை உடலை வைத்திருக்கச் சொல்வதற்கும் ஓர் எல்லையை வையுங்கள். விமானச் சீட்டு கிடைக்கவில்லை, விடுமுறை கிடைக்கவில்லை என்று நாங்கள் நாட்களை நீட்டிக்கொண்டே போக, அங்கே அயலவர்கள் வேலை வெட்டியை விட்டுக் காவல் இருக்கிறார்கள். மூன்று நாள் என்று விதியில் இருந்தால், எங்களுக்கும் ஒரு முடிவெடுக்க அது உதவும்.

கண்டாவளைவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றைய கூட்டத்தில் இந்தப் பதில்களை வாசித்துக் காட்டினேன். முதலில் சங்கத்தைப் பதிவு செய்து, சந்தா சேர்த்து, பந்தல், கதிரைகள், குளிரூட்டிப் பெட்டி ஆகியவற்றை வாங்குவது என்றும், காணி உறுதியான பின்னர் அரைச்சுவர் மண்டபம் கட்டுவது என்றும் பெரும்பான்மை தீர்மானித்தது. முன்பள்ளிக்கு அருகில் உள்ள காணி கைவிடப்பட்டது. படிவத்தில் மூன்றாவது கட்டத்தைச் சேர்ப்பதை மாதர் சங்கத் தலைவி முன்மொழிந்தார். எவரும் மறுத்துப் பேசவில்லை. நிலுவைக்காரர்களுக்கும் சேவை வழங்குவதில் மட்டும் இன்னும் இழுபறி இருக்கிறது. ‘அப்படியென்றால் யார் சந்தா கட்டுவார்கள்’ என்று கேட்கிறார்கள். மழைக்காலத்தில் விறகு நனைந்து, சிதை எரியாமல் இரவெல்லாம் சுடலையில் நிற்க நேர்வதையும் பலர் சொன்னார்கள். அதற்கு என்ன செய்கிறீர்கள்?

நெடுங்கேணிப் பொருளாளர் எழுதியது:

சந்தா கட்டாதவருக்கு ஊர்தியும் பந்தலும் வாடகைக்கு என்று வையுங்கள். கட்ட முடியாதவர் என்று கிராம அபிவிருத்திச் சங்கம் சொன்னால் வாடகை இல்லை. எங்கள் ஊரில் இழுபறி அப்படித்தான் தீர்ந்தது.

விறகுக்கு ஆவணி, புரட்டாசியிலேயே ஆயத்தம் செய்ய வேண்டும். காட்டு மரத்தை வெட்டி ஏற்றினால் வனத் திணைக்களத்தின் அனுமதி கேட்பார்கள். ஆகவே ஊர்க் காணிகளில் பட்டுப்போன மா, வேம்பு போன்றவற்றை உரியவர்களிடம் கேட்டு வாங்கி, மாரி தொடங்குவதற்கு முன்னர் பிளந்து அடுக்கி விடுவோம். இரண்டு சிதைக்குத் தேவையான அளவு எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். மயானத்தில் எரிகொட்டகைக்குத் தகரக் கூரை போட்டுத் தருமாறு பிரதேச சபைக்கு எழுதுங்கள். வரவு செலவுத் திட்டம் கார்த்திகை, மார்கழியில் வருவதால், அதற்கு முன்பே கடிதம் தவிசாளரின் கையில் இருக்க வேண்டும். விறகுக் கொட்டகையைச் சபை கட்டும் என்று காத்திராதீர்கள். நான்கு கொங்கிறீற் தூணும் பழைய தகரமும் போதும். நிலத்திலிருந்து ஒரு முழம் உயர்த்தி அடுக்கினால் கறையானும் ஏறாது, வெள்ளமும் தொடாது.